கபனுக்குள் சேராதது

சுஜிந்தனின் தலை படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியில் மோதிய சத்தம் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டபோது, முஸ்பிறா வாப்பாவின் தாடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணியின் ஒரு முனை மழித்த உச்சந்தலையின்மீதும் மறு முனை அவளுடைய பற்களுக்கிடையிலும் இருந்தன. மௌத்தானவுடன் வாயை மூடிக் கட்டிவிட வேண்டும், பிந்தினால் மூடாது. வாப்பா மீராமுகைதீனின் வாய் உயிரோடிருந்த காலத்திலும் எளிதில் மூடியதில்லை.

"காணும்டா, செத்திருவான்!" என்று கீழே யாரோ கத்தினார்கள்.

"சாகட்டும். எங்கட வாப்பாவ மௌத்தாக்கினவன்தானே?"

அது அஸ்பாக்கின் குரல். கலியாணம் முடித்தபின் சாய்ந்தமருதில் மனைவியின் வீட்டில் இருக்கும் மூத்த மகன் அவன். செய்தி கேட்டு மோட்டார் சைக்கிளில் வந்தவன், வாப்பாவின் முகத்தைப் பார்க்க மேலே ஏறுவதற்கு முன்பே கீழே அடிக்கத் தொடங்கியிருந்தான்.

முஸ்பிறா முடிச்சை இறுக்கிவிட்டு வாசலுக்கு ஓடினாள். கூப்பிடுவதற்கு அவள் வாயைத் திறந்த கணத்தில் பின்னாலிருந்து உம்மாவின் உள்ளங்கை அதை மூடியது.

"மகள், கதைக்காத. மையித்து ஊட்டில அதக் கதைக்கப்படாது."

"அவரக் கொல்றாங்க உம்மா," என்றாள் விரல்களுக்கிடையால்.

"கொல்ல மாட்டாங்க." ஹாஜறா கையை எடுக்கவில்லை. "வாப்பாவப் பத்தி இனி நல்லது மட்டும்தான் கதைக்கணும். நாளைக்கு உன்னக் கலியாணம் கேட்டு வாற ஆக்கள், வாப்பா எப்புடி மௌத்தானாரெண்டு முதல்ல கேப்பாங்க. என்ன சொல்லப்போற?"

உம்மாவின் முக்காடு வழமையைவிட முன்னால் இழுத்து, காதோரம் ஊசி குத்தப்பட்டிருந்தது. ஆறுதல் சொல்ல வந்த பெண்கள் அவளுடைய தலையை நெஞ்சோடு அணைக்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்தாள். துக்கம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த வீட்டில் கை என்றால் வலக்கை. கல்முனைக்குடிக் கரையில் வள்ளம் இழுத்துக் காய்த்த கை. ஹாஜறாவின் இடக்காது அந்தக் கையால்தான் கேட்காமற்போனது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த முஸ்பிறாவை அதிலிருந்து பிரித்தெடுத்தபோது அவளுடைய சின்னவிரலைப் பின்பக்கமாக வளைத்ததும் அந்தக் கைதான். விரல் மீண்டும் நேராகவில்லை. அஸ்பாக்கின் தோளில் துடுப்புப் பட்ட தழும்பு ஒன்று இருந்தது. அதைப் பற்றி யாராவது கேட்டால், வாப்பா கொஞ்சம் கோபக்காரர் என்று அவன் சொல்வான்.

போன நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் மீராமுகைதீன் வள்ளத்துக்குப் பக்கத்தில் மணலில் விழுந்தார். வலப்பக்கம் முழுவதும் போயிற்று. கால் மரத்தது, கை மார்போடு மடங்கி, முஷ்டி இறுகிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தார்கள். ஓதி ஊதிய தண்ணீர் வந்தது. நாட்டு வைத்தியரின் எண்ணெய் வீடு முழுவதும் நாறியது. முஷ்டி விரியவில்லை.

அந்த மாதங்களில் அவருடைய குரல் மட்டும் வீட்டில் நடமாடியது. குரலுக்கு எட்டாத தூரம் என்று ஒன்று உண்டு என்பதை ஹாஜறா முதன்முதலாகக் கண்டுபிடித்தாள். ஒருநாள் சந்தைக்குப் போனவள், பூப் போட்ட கண்ணாடிக் கிளாசுகள் வாங்கிவந்தாள். கலியாண காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் எவர்சில்வரைத் தவிர வேறு எதிலும் யாரும் தேநீர் குடித்ததில்லை.

சுஜிந்தனை அழைத்தவர் மீராமுகைதீனேதான். பெரியநீலாவணைக்காரனான சுஜிந்தன் முன்னொரு காலத்தில் அவருடைய வள்ளத்தில் வேலை செய்தவன், குடிகாரன். பிறகு குடியை விட்டு, தகரக் கூரை போட்ட ஜெபவீடொன்றில் சேர்ந்து, இப்போது மீன் சந்தையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்த மத்தியானங்களில் சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த மாடிவீடுகளில் ஏறி இறங்கி, கேட்ட நோயாளிகளுக்கு ஜெபம் பண்ணுவான். யாரிடமும் ஒன்றும் வாங்குவதில்லை; தேநீர்கூடக் குடிப்பதில்லை. அடுத்த தொகுதியில் படுக்கையாகக் கிடந்த பெண்ணொருத்தி அவன் ஜெபித்தபின் நடந்தாள் என்று ஒரு கதை இருந்தது. நடந்தது உண்மை, எவ்வளவு தூரம் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

"டேய், நீ ஜெபிச்சா நொண்டியெல்லாம் நடக்கிறாளாமே," என்றார் மீராமுகைதீன். "எனக்குக் கால் வேணா. கைய மட்டும் எடுத்துத் தா."

"கேட்டுப் பாக்கிறன் நானா." அண்ணன் முறையில் சுஜிந்தன் அவரை அப்படித்தான் அழைப்பான்.

"கேட்டுப் பாக்கிற இல்ல. வாங்கித் தா."

கதவைச் சாத்திவிட்டு, சுஜிந்தன் அந்த முஷ்டியைத் தன்னுடைய இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துவைத்துக்கொண்டு தலை குனிந்தான். சமையலறையிலிருந்த முஸ்பிறாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஆண்டவரே, இது என்னை அடிச்ச கை. இதத் தொட்டுக் குணமாக்குங்க."

பல வாரங்களாக அதே ஜெபம். ஒரு மத்தியானம், அவன் போனபின், மீராமுகைதீன் உரக்கச் சிரித்தார். "ஹாஜறா! இஞ்ச வந்து பாரு!" ஆட்காட்டி விரல் அசைந்தது. பாதித் துடிப்பு, பாதி நடுக்கம், ஆனாலும் அசைந்தது. ஹாஜறா பார்த்தாள். "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். பிறகு சமையலறைக்குள் போய், கண்ணாடிக் கிளாசுகளை ஒவ்வொன்றாகப் பத்திரிகைத் தாளில் சுற்றி மேல்தட்டில் ஏற்றினாள்.

மறுநாள் முஸ்பிறா மீன் சந்தைக்குப் போனாள்.

சுஜிந்தன் இரும்புக் குத்தியால் ஐஸ் கட்டியைப் பிளந்துகொண்டிருந்தான். பெண்ணொருத்தி தனியாக நிற்பதைப் பார்த்து வெளியே வந்தான்.

"அண்ணன், ஒரு காரியம் கேக்கணும்."

"சொல்லுங்க தங்கச்சி."

"காலுக்குக் கேளுங்க. கைக்குக் கேக்காதீங்க."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. "நோயாளிக்குப் பாதி கேக்கிற எப்புடி? முழுசாத்தானே கேக்கணும்."

முஸ்பிறா அபாயாவின் கைக்குள்ளிருந்து தன்னுடைய இடக்கையை எடுத்து வாசலிலிருந்த ஐஸ் கட்டியின்மேல் விரித்துவைத்தாள். நான்கு விரல்கள் ஒரு திசையிலும் சின்னவிரல் வேறொரு திசையிலும் கிடந்தன. சுஜிந்தன் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தான். விரல்களுக்கடியில் ஐஸ் உருகத் தொடங்கியது.

"என்ட மனிசிக்கு முன்பல்லு இல்ல," என்றான் கடைசியில். "நான் உடைச்ச. குடியில." குத்தியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "அவவும் இப்புடி யாரிட்டயாவது போய்க் கேட்டிருப்பாபோல."

திரும்பி ஐஸ் உடைக்கப் போனான். முஸ்பிறா கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அதன்பின் இன்று காலையில்தான் அவன் வந்தான். கட்டிலின் ஓரத்தில் மண்டியிட்டு, கையைப் பிடிக்காமல் முழங்காலில் கைவைத்தான். காலுக்குக் கேட்டான். நல்ல உறக்கத்துக்குக் கேட்டான். வீட்டிலுள்ளவர்களின் சமாதானத்துக்குக் கேட்டான். ஆமென் சொல்லி எழுந்தான்.

"கைக்கு?" என்றார் மீராமுகைதீன்.

"இண்டைக்கு இவ்வளவுதான் நானா."

"கைக்குக் கேளுடா."

"கேக்க ஏலா."

"ஏலாதா, மாட்டியா?"

சுஜிந்தன் யோசித்தான். குடியோடு பொய்யையும் விட்டவன். "மாட்டன்," என்றான்.

மீராமுகைதீனின் பார்வை அவனை விட்டுவிட்டு, எவர்சில்வர் கோப்பையில் தேநீரோடு வந்துகொண்டிருந்த ஹாஜறாவிடம் போய் நின்றது.

"நீயாடி சொன்ன?"

முஸ்பிறா சமையலறை வாசலில் நின்றாள். 'நான்' என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அது வெளியே வருவதற்கு முன் உம்மா சொன்னாள்:

"ஓம். நான்தான்."

அப்போது அந்தக் கை எழுந்தது. எந்த ஜெபத்துக்கும் விரியாத முஷ்டி விரிந்து, குனிந்து கோப்பையை வைத்துக்கொண்டிருந்தவளின் முக்காட்டுக்குள் நுழைந்து, கொண்டையைச் சுற்றிப் பிடித்து, தலையைக் கட்டில் சட்டத்தில் அடித்தது. மறுபடியும் அடித்தது. தேநீர் சுவரில் தெறித்தது. சுஜிந்தன் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தான். விரல்களைப் பிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. இடக்கை அவனுடைய சட்டையைக் கிழித்தது. மூன்று பேரும் கட்டிலோடு சேர்ந்து சுவர்வரைக்கும் நகர்ந்தார்கள். "உடுங்க நானா, உடுங்க!" என்ற சத்தம் மாடி முழுவதும் கேட்டிருக்க வேண்டும். மீராமுகைதீனின் வாய் ஒரு பக்கமாக இழுபட்டது. கண்கள் மேலே போயின. தலை சரிந்தது. கை மட்டும் விடவில்லை. ஹாஜறாதான் தன்னை அதிலிருந்து பிடுங்கி எடுத்துக்கொண்டாள்.

மூச்சு நின்றுவிட்டது என்பதை முதலில் உறுதிசெய்தவளும் அவள்தான். முக்காட்டைச் சரிசெய்து ஊசி குத்தினாள். முஷ்டியின்மேல் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு சுஜிந்தனைப் பார்த்தாள்.

"தம்பி, நீங்க ஜெபம் பண்ணினீங்க. அவர் மௌத்தானாரு. அவ்வளவுதான் நடந்த."

"சரி அக்கா," என்றான் அவன்.

மற்றதைப் பக்கத்து வீட்டு நபீஸா செய்துமுடித்தாள். சத்தம் கேட்டு வந்தவள் போர்வையின் ஓரத்தை விலக்கிப் பார்த்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கென்று ஆட்டோ தேடிக் கிழிந்த சட்டையோடு ஓடியவனையும் பார்த்திருந்தாள். "மையித்துட மணிக்கட்டில நகக்கீறல் இரிக்கிகா! ஜெபமா பண்ணினான், மல்லா கட்டினான்? ஓதிப் பாக்க நம்மட ஆக்கள் இல்லாமலா இவன ஊட்டுக்குள்ள எடுத்தாங்க?" சுஜிந்தன் ஆட்டோவோடு திரும்பிவந்தபோது கதை அவனுக்கு முன்னால் கீழே இறங்கியிருந்தது.

உம்மாவின் கை வாயைவிட்டு விலகியதும் முஸ்பிறா வாளியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். மையித்து வீட்டில் தண்ணீர் எடுக்கப் போகிறவளை யாரும் தடுக்கமாட்டார்கள்.

கடைசித் திருப்பத்தில் நின்றாள். சுஜிந்தன் படியில் சரிந்து கிடந்தான். காதுக்கு மேலிருந்து வழிந்த இரத்தம் கழுத்துப்பட்டியில் சேர்ந்துகொண்டிருந்தது. அஸ்பாக் தலைக்கவசத்தைப் பட்டியில் பிடித்துத் தொங்கவிட்டபடி நின்றான். சுற்றிலும் ஆண்கள்.

"எந்தக் கையால புடிச்ச?"

சுஜிந்தன் வலக்கையைக் காட்டினான்.

"படியில வை."

வைத்தான். தலைக்கவசம் இறங்கியது. எலும்பு உடைகிற சத்தம் முஸ்பிறாவுக்குப் பழக்கமானது. அவளுடைய விரலிலிருந்து வந்ததைவிட இது பெரிது. சுஜிந்தன் கத்தவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்தான் கத்தினார்.

"என்ன செஞ்ச சொல்லு! ஏன் புடிச்ச?"

"ஜெபம் பண்ணினன்."

தலைக்கவசம் மீண்டும் உயர்ந்தது. உயர்த்திய தோளின் சரிவும் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்த விதமும் முஸ்பிறாவுக்கு நன்றாகத் தெரிந்தவை. மேலே கட்டிலில் கிடக்கும் மனிதர் எழுந்து கீழே வந்துவிட்டார் என்றே ஒரு கணம் நினைத்தாள். வாளி கையிலிருந்து நழுவி, படிப்படியாக உருண்டு, அஸ்பாக்கின் காலடியில் போய் நின்றது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்த இடைவெளியில் ஸைனுலாப்தீன் லெப்பை பள்ளிவாசலிலிருந்து குளிப்பாட்டும் பலகையோடு வந்துசேர்ந்தார். பலகையைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"மையித்து மேல காத்துக் கிடக்கு. மகன் இஞ்ச நிண்டு மல்லுக்கட்டுறாரு. கைய முறிச்சுக்கிட்டா யாருடா உன்ட வாப்பாக்குத் தண்ணி ஊத்துற? நான் ஊத்தவா?"

"லெப்பை, இவன்..."

"அடக்கிட்டு வந்து கதைப்பம். இப்ப மேல ஏறு."

அடக்கிவிட்டு வந்து என்ன கதைப்பார்கள் என்பது அங்கு நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வள்ளத்துக்கு வைத்திருந்த நைலோன் கயிற்றால் சுஜிந்தனைப் படிக்கட்டுக் கம்பியோடு கட்டினார்கள். முறிந்த கையையும் சேர்த்தே கட்டினார்கள்.

மூன்றாம் மாடியில் குளிப்பாட்ட இடமில்லை. மையித்தைக் கீழே இறக்கி, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு, சுற்றிலும் துணி கட்டினார்கள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை முஸ்பிறா கேத்தலில் கொண்டுவந்து துணிக்கு அடியால் தள்ளிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் சுஜிந்தனைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது.

"அண்ணன், சொல்லிருங்க," என்றாள் மெதுவாக.

"அக்காக்குச் சொல் குடுத்திட்டன்."

"அடக்கிட்டு வந்து கொன்னு போடுவாங்க உங்கள."

அவனுடைய உதடு வீங்கியிருந்தது. சொற்களைத் தேடி எடுப்பவன்போல் பேசினான். "நான் கைக்குக் கேக்கவே இல்ல தங்கச்சி. கேக்காமத்தான் அது எழும்பின. அதுதான் எனக்கு விளங்கல்ல."

முஸ்பிறாவுக்கும் விளங்கவில்லை. அடுத்த கேத்தலைக் கொண்டுவந்தபோது சொல்லிவிடுவது என்று முடிவுசெய்திருந்தாள். துணிக்கு அப்பால் அஸ்பாக் இருந்தான். ஒரு முழ தூரம். நான்தான் சுஜிந்தன் அண்ணனிடம் போய்க் கேட்டேன், உம்மா தன்மேல் போட்டுக்கொண்டாள், வாப்பா உம்மாவின் தலையை உடைத்தார். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் சுற்றி நிற்கும் ஆண்கள் எல்லோருக்கும் கேட்கும். மாலைக்குள் கல்முனைக்குடி முழுவதும் போய்விடும்; உம்மா அதோடுதான் விதவையாக வீட்டுக்குள் அடைந்து இத்தா இருக்க வேண்டிவரும். கேத்தலின் சூடு விரல்களில் ஏறியது. வாயைத் திறந்தாள்.

"வலப் பக்கத்தில இருந்து தொடங்கணும்," என்றது உள்ளே லெப்பையின் குரல். "கைய விரி."

"விரியுதில்ல. வாதம் புடிச்ச கைதானே." அஸ்பாக்.

"சுடுதண்ணிய ஊத்து. ஒவ்வொரு விரலா எடு. நோகப் பண்ணாத."

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"என்ன அது?"

"மயிர்."

"உதிர்ந்த மயிரெண்டா எறியப்படாது. மையித்தோட சேர்ந்தது. கபன் துணிக்குள்ள வெச்சுக் கட்டணும். இஞ்ச தா."

பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முஸ்பிறா கேத்தலைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள்.

"தாவன் மகன்."

"இது வாப்பாட இல்ல," என்றான் அஸ்பாக்.

"அவர்ட கைக்குள்ளதானே இருந்த?"

"நீளம் லெப்பை. நரை." பிறகு வேறொரு குரலில் சொன்னான்: "தோல் இரிக்கி."

லெப்பை, துணிக்கு வெளியே தள்ளி நின்ற ஆண்களுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில், "அந்தக் கைய இன்னொருக்காக் கழுவு," என்றார்.

குளிப்பாட்டு முடிந்ததும் அஸ்பாக் வெளியே வந்தான். சட்டைக் கை நனைந்திருந்தது; இடக்கை மூடியிருந்தது. மூன்றாம் மாடியின் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான். பிறகு படிக்கட்டுக்குப் போய், சுஜிந்தனுக்குமுன் குந்தி, ஒற்றைக் கையால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். அது அவனே போட்ட முடிச்சு, இறுகியிருந்தது. மூடிய கையை அவன் திறக்கவில்லை. முஸ்பிறா வந்து, தன்னுடைய வளைந்த விரலையும் சேர்த்துப் பயன்படுத்தி, கயிற்றை அவிழ்த்தாள்.

"அஸ்பாக், என்ன செய்ற? அடக்கிட்டு வந்து..." என்றார் ஒருவர்.

"ஆட்டோவுக்குச் சொல்லுங்க."

"இவனயா உடச் சொல்ற?"

"சொல்லுங்கெண்டா சொல்லுங்க!"

சுஜிந்தன் கையை மடியில் ஏந்திக்கொண்டு எழுந்தான். ஆட்டோ வரும்வரைக்கும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"ஆஸ்பத்திரியில வழுக்கி உழுந்ததெண்டு சொல்றன்," என்றான் சுஜிந்தன். "என்ட மனிசி அப்புடித்தான் சொன்னவ."

அஸ்பாக் தலையை ஆட்டினான். இல்லை என்ற ஆட்டல்.

"நான் அடிச்சதெண்டு சொல்லு. என்ட பேரச் சொல்லு."

அஸர் தொழுகைக்கு முன் மீராமுகைதீனைச் சந்தூக்கில் வைத்தார்கள். முஸ்பிறா மேல் நடைபாதையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்குவதற்கு முன் வழமைப்படி லெப்பை கூட்டத்தைப் பார்த்து, "இவர் எப்புடிப்பட்ட மனிசன்?" என்று கேட்டார். கேள்வியில் அவருடைய குரல் சற்றுத் தயங்கியதுபோல் இருந்தது.

"நல்ல மனிசன்," என்றது கூட்டம், ஒரே குரலில்.

சந்தூக்கின் முன்கால் அஸ்பாக்கின் தோளில் இருந்தது. துடுப்புத் தழும்பு இருந்த தோள். அவனுடைய வாய் அசைந்ததா என்பது மேலிருந்து தெரியவில்லை.

அவன் மையவாடியிலிருந்து திரும்பியபோது பெண்கள் பெரும்பாலும் போய்விட்டிருந்தார்கள். காலில் ஈரமண் ஒட்டியிருந்தது. உள்ளறையில் ஹாஜறா வெள்ளையுடுத்து, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் அவளுடைய கேட்கும் வலக்காதின் பக்கமாகப் போய் உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அவிழ்த்து, அதிலிருந்ததை உம்மாவின் உள்ளங்கையில் வைத்தான். கழுவிக் காய்ந்திருந்தது.

ஹாஜறா அதைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை. தலை வாரியபின் ஒவ்வொரு நாளும் செய்வதைப்போல, அந்த மயிரைச் சுட்டுவிரலில் சுற்றிச் சிறு உருண்டையாக்கி, யாருடைய காலிலும் மிதிபடாதபடி ஜன்னல் சட்டத்தின் வெடிப்புக்குள் வைத்து அழுத்தினாள்.

சமையலறையில் முஸ்பிறா மேல்தட்டை எட்டிப் பிடித்து, பத்திரிகைத் தாளைப் பிரித்து, காக்கா அஸ்பாக்குக்குத் தேநீர் ஊற்ற ஒரு கிளாசை எடுத்தாள்.